சிபாரிசுகளின் பிரபு: நியூகாசில் டியூக்கின் நாற்பத்தைந்து ஆண்டுகள்

1760 நவம்பர் 11 இரவு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் நல்லடக்கம் நடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த ஹொரேஸ் வால்போல், இரண்டு நாள் கழித்து நண்பருக்கு எழுதிய கடிதம் ஆங்கிலக் கடித இலக்கியத்தில் பேர்பெற்றது. அந்தக் கடிதத்தில் ஒரு கோமாளி வருகிறார். உள்ளே நுழைந்ததுமே ஓவென்று அழுகிறார். இருக்கையில் சாய்ந்து விழுகிறார். பேராயர் முகர வைக்கும் மருந்துக் குப்பியோடு பக்கத்தில் நிற்கிறார். இரண்டு நிமிடத்தில் துக்கம் மறந்துபோகிறது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்து நோட்டம் விடுகிறார், மறுகை கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் சளி பிடித்துவிடுமோ என்ற பயம். இறந்த மன்னரின் மகன் கம்பர்லண்ட் டியூக், தன் நீண்ட அங்கி பின்னால் கனப்பதை உணர்ந்து திரும்பினால், பளிங்குத் தரையின் குளிர் காலில் ஏறாமலிருக்க அந்த அங்கியின் மேலேயே ஏறி நிற்கிறார் நம் ஆள்.

அந்த ஆள்தான் அன்றைக்குப் பிரிட்டனின் கருவூலத் தலைவர், நம் வழக்கில் சொன்னால் பிரதமர்: தாமஸ் பெல்ஹாம்-ஹோல்ஸ், நியூகாசில் டியூக். அப்போது அவருக்கு வயது 67. 1717இல் அரண்மனைப் பொறுப்பில் சேர்ந்தவர், இடையில் சில மாதங்கள் தவிர 1762 வரை பதவியை விட்டு இறங்கவேயில்லை. இரண்டு முறை கருவூலத் தலைவர், முப்பது ஆண்டு அரசுச் செயலர். பிரிட்டிஷ் வரலாற்றில் இவ்வளவு காலம் தொடர்ந்து அமைச்சுப் பதவியில் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வால்போல் தீட்டிய கோமாளிக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று?

சாட்சிகளை முதலில் விசாரிக்க வேண்டும். ஹொரேஸ், பிரதமராயிருந்த ராபர்ட் வால்போலின் மகன். 1742இல் தன் தந்தை வீழ்ந்தபோது நியூகாசில் உள்ளிருந்தே குழி பறித்தார் என்று கடைசிவரை நம்பியவர். நியூகாசிலைக் குரூரமாகச் சித்திரித்த இன்னொருவர் ஹெர்வி பிரபு. அவர் அமைச்சரவைக்குள் வருவதை நியூகாசில் வெளிப்படையாகவே எதிர்த்திருந்தார். மூன்றாமவர் ஸ்மாலெட். 1771இல் வந்த அவருடைய 'ஹம்ஃப்ரி கிளிங்கர்' நாவலில், கேப் பிரெட்டன் ஒரு தீவு என்று கேட்டு வாய்பிளந்து, மன்னரிடம் சொல்ல ஓடுகிற டியூக்கைக் காண்கிறோம். நாவலாசிரியனின் கற்பனை பிறகு வரலாற்றுச் செய்தியாகவே பரவிவிட்டது. மூவரும் அபாரமான எழுத்தாளர்கள் என்பது நியூகாசிலின் துரதிர்ஷ்டம்.

எதிர்த்தரப்புச் சாட்சி அவருடைய காகிதங்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தொகுதிகளாக அவை இருக்கின்றன: வந்த கடிதங்கள், போன கடிதங்களின் நகல்கள், மன்னரிடம் பேசவேண்டியவற்றின் குறிப்புகள், யார் நம் பக்கம், யார் எதிர்ப்பக்கம் என்று அடையாளமிட்ட காமன்ஸ் சபை உறுப்பினர் பட்டியல்கள். போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய வரலாற்றாய்வாளர் லூயிஸ் நேமியர், இந்தக் குவியலுக்குள் ஆண்டுக்கணக்கில் மூழ்கி 1929இல் வெளியிட்ட நூல், 18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் அரசியலைப் பற்றிய பார்வையையே மாற்றியது. கொள்கைக்காக மோதிய இரு கட்சிகளின் கதையாக அதுவரை சொல்லப்பட்ட இடத்தில், உறவு, ஊர், கடன், பதவி ஆகியவற்றால் பின்னப்பட்ட மனிதர்களை நேமியர் காட்டினார். அந்தப் பின்னலின் நூல்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்த இடம் நியூகாசிலின் மேசை.

அவர் பிறந்தது 1693இல், பெல்ஹாம் என்ற சசெக்ஸ் பிரபுக் குடும்பத்தில். 1711இல் தாய்மாமன் ஜான் ஹோல்ஸ் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். ஆண் வாரிசு இல்லாத அவர், பெருஞ்சொத்தை மருமகனுக்கு எழுதிவைத்திருந்தார். தன் பெயரோடு மாமன் பெயரையும் சேர்த்துக்கொண்டு பையன் பணக்காரன் ஆனான். அடுத்த ஆண்டு தந்தையும் போக அந்தச் சொத்தும் வந்தது. பல மாவட்டங்களில் நிலம், ஆண்டுக்கு 30,000 பவுண்டுக்கு மேல் குத்தகை வருமானம். 1714இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்து அரியணை ஏறியபோது, அவருக்கு ஆதரவாகக் கூட்டம் திரட்டுவதில் இந்த இளைஞர் தண்ணீராய்ச் செலவழித்தார். அடுத்த ஆண்டே, 22 வயதில், டியூக் பட்டம் கிடைத்தது.

அரண்மனையில் அவருக்குக் கிடைத்த முதல் அனுபவம் ரசமானது. 1717இல் பட்டத்து இளவரசருக்குக் குழந்தை பிறந்தது. அரண்மனைப் பெருநிர்வாகி என்ற முறையில் நியூகாசில்தான் ஞானத்தந்தையாக வேண்டும் என்று மன்னர் பிடிவாதம் பிடித்தார். இளவரசருக்கு ஆத்திரம். சடங்கு முடிந்ததும் டியூக்கிடம் முஷ்டியை ஆட்டி, உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன் என்ற பொருளில் ஏதோ சொன்னார். ஜெர்மன் உச்சரிப்பில் வந்த அந்த ஆங்கிலம் டியூக்கின் காதில் வாள்சண்டைக்கு அழைப்பாக விழுந்தது. அவர் மன்னரிடம் ஓடினார். மன்னர் மகனை அரண்மனையை விட்டே வெளியேற்றினார். அந்த இளவரசர்தான் பத்தாண்டு கழித்து இரண்டாம் ஜார்ஜ் ஆனவர். அவரிடமே நியூகாசில் மேலும் 33 ஆண்டுகள் வேலை பார்த்தார் என்றால், சாமர்த்தியம் இல்லாமலா?

அந்தச் சாமர்த்தியம் எதில் இருந்தது என்பதற்குப் பாராளுமன்றத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். காமன்ஸ் சபையில் 558 இடங்கள். மன்னர் யாரை வேண்டுமானாலும் அமைச்சராக்கலாம். ஆனால் வரி வேண்டுமென்றால் காமன்ஸ் சபை கைதூக்க வேண்டும். உறுப்பினர்களைக் கட்டிப்போடக் கட்சிக் கொறடாவோ கட்சித்தாவல் தடைச் சட்டமோ கிடையாது. இருந்தது ஒன்றுதான்: மன்னர் பெயரால் வழங்கப்படும் ஆயிரக்கணக்கான பதவிகள். சுங்கச் சாவடியில் கப்பல் சரக்கைக் கண்காணிக்கும் சேவகன் முதல் கான்டர்பரி பேராயர் வரை யாராவது யாருக்காவது வேண்டியவராகத்தான் அந்த இடத்துக்கு வந்தார். யார் கேட்கிறார், யார் சிபாரிசு செய்கிறார், அவர் கையில் எத்தனை வாக்கு, போன தடவை என்ன கொடுத்தோம், யாருக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறோம் என்ற கணக்கை நாற்பது ஆண்டுகள் தலையில் சுமந்தவர் நியூகாசில்.

மதகுருமார் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் உண்டு. ஆனால் எல்லா மறைமாவட்டமும் ஒன்றல்ல. பிரிஸ்டல் பிஷப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 450 பவுண்டு, டர்ஹாம் பிஷப்புக்கோ சுமார் 6,000. பிரிஸ்டலில் அமர்த்தப்பட்டவர் டர்ஹாமின் மேல் ஒரு கண்ணோடுதான் சபையில் வாக்களிப்பார். ஓர் இடம் காலியானால் ஒருவரை உயர்த்தி, அவர் இடத்துக்கு இன்னொருவரை நகர்த்தி, கடைசியில் காலியாகும் சின்ன இடத்தில் புதியவர் ஒருவரை நுழைத்து, ஒரே சாவில் மூன்று நான்கு குடும்பங்களின் நன்றியைச் சம்பாதிக்கலாம். பிஷப்புகளின் உடல்நிலை பற்றி நியூகாசிலுக்கு எப்போதும் தகவல் வந்துகொண்டிருந்தது.

லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த அவர் மாளிகையில், காலையில் முன்கூடம் நிரம்பிவழியும். முகச்சவரம் பாதியில் நிற்க, நுரையோடு வெளியே ஓடிவந்து ஒருவரைக் கட்டித் தழுவி, இன்னொருவர் காதில் ஏதோ சொல்லி, எல்லாருக்கும் ஆகட்டும் என்பார் என்று சமகாலத்தவர் எழுதுகிறார்கள். காலையில் அரைமணி நேரத்தைத் தொலைத்துவிட்டு நாள் முழுக்க அதைத் துரத்துகிறார் என்ற கிண்டல், வில்மிங்டன் பிரபு அடித்ததாகச் சொல்வார்கள். வாக்குறுதியை அள்ளி வீசுவது அவரது பலவீனம்தான். ஆனால் அந்தக் கூடத்தில் நின்றவர்களில் பலருக்கு ஏதாவது கிடைத்தும் இருந்தது.

சசெக்ஸில் அவர் தேர்தலை நடத்திய விதம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆண்டு வருமானம் 40 ஷில்லிங்குக்குக் குறையாத சொந்த நிலம் உள்ளவர்களுக்கு மாவட்டத் தொகுதியில் வாக்கு. ஹாலண்ட் என்ற குடும்ப மாளிகையில் டியூக் வரும் நாட்களில் கதவு திறந்தே இருக்கும். சுற்றுவட்டாரமே வந்து தின்னும், குடிக்கும். பக்கத்து ஊரான ஈஸ்ட் ஹோத்லியில் மளிகையும் துணியும் விற்ற தாமஸ் டர்னர் என்ற கடைக்காரரின் நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. அந்தப் பொதுவிருந்து நாட்களின் கூட்டத்தையும் குடிவெறியையும் அவர் முகம்சுளித்துப் பதிவு செய்கிறார் (அவரே குடித்துவிட்டு மறுநாள் வருந்துகிற ஆள் என்பது வேறு விஷயம்). டியூக்கின் பிரெஞ்சுச் சமையல்காரர் குளூவே லண்டன் முழுக்கப் பிரசித்தம். அவரிடம் தொழில் பழகிய வில்லியம் வெரல், லூயிஸ் ஊரில் ஒயிட் ஹார்ட் விடுதியை நடத்திக்கொண்டு 1759இல் ஒரு சமையல் நூலே வெளியிட்டார். சாப்பாடு ஒரு பக்கம், மிரட்டல் மறுபக்கம். தன் வீட்டில் குடியிருந்துகொண்டு மாற்றி வாக்களிப்பவரைக் காலி செய்யச் சொல்லவும் டியூக் தயங்கவில்லை.

நேமியரின் ஆய்வில் ஒன்று முக்கியமானது. ராபர்ட் வால்போல் காலத்திலிருந்து, உறுப்பினர்களுக்கு லஞ்சமாகப் போகிறது என்று வதந்தியாய்ப் பேசப்பட்ட 'இரகசிய நிதி', கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு பெரியதல்ல. அதில் கணிசமான பங்கு நொடித்துப்போன பிரபுக்களுக்கும் ஏழை உறுப்பினர்களுக்கும் உதவித்தொகையாகப் போயிருந்தது. உண்மையில் கரைந்தது நியூகாசிலின் சொந்தப் பணம். நிலத்தை விற்றார், அடமானம் வைத்தார். சிக்கனத்துக்குப் பேர்போன தம்பி ஹென்றி பெல்ஹாம் தலையிட்டுச் சொத்தை அறங்காவலர் கையில் ஒப்படைக்க வேண்டி வந்தது. அரசுப் பதவியில் அமர்ந்து மற்றவர்கள் மாளிகை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் நாற்பத்தைந்து ஆண்டு பதவி வகித்துக் கடனாளி ஆனார். ஊழல் என்ற ஒரே சொல்லால் இவரை அளப்பது இங்கேதான் இடறுகிறது. அதிகாரத்தை அவர் பணத்துக்காக விரும்பவில்லை. பணத்தை அதிகாரத்துக்காகக் கொட்டினார்.

அதிகாரம் தன்னுடையதல்ல என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் மன்னருக்கும் இவரில்லாமல் முடியாது என்பதை 1746 பிப்ரவரியில் பெல்ஹாம் சகோதரர்கள் நிரூபித்துக்காட்டினார்கள். இரண்டாம் ஜார்ஜ் அவர்களை ஒதுக்கிவிட்டு கிரான்வில், பாத் என்ற இருவரை வைத்து ஆட்சி நடத்த எண்ணினார். அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பதவி முத்திரைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அரசுக்குக் கடன் தர இருந்த லண்டன் வணிகர்கள் பின்வாங்கினார்கள். இரண்டே நாளில் புது ஆட்சி கலைந்து, மன்னர் சகோதரர்களையே திரும்ப அழைத்தார்.

அரசுச் செயலராக 24 ஆண்டுகள் அமெரிக்கக் குடியேற்றங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அங்கேயும் சிபாரிசுதான். கடனில் மூழ்கியிருந்த ஜார்ஜ் கிளின்டன், குடும்ப உறவு என்பதால் நியூயார்க் ஆளுநரானார். அது மோசமான தேர்வு. ஆனால் அதே முறையில்தான் வில்லியம் ஷர்லி மாசசூசெட்ஸ் ஆளுநரானார். அவருக்காக அவர் மனைவி லண்டனுக்கு வந்து டியூக்கின் வாசலில் நடையாய் நடந்திருந்தார். 1745இல் நியூ இங்கிலாந்துப் படையைத் திரட்டி, கேப் பிரெட்டன் தீவில் இருந்த லூயிஸ்பர்க் என்ற பிரெஞ்சுக் கோட்டையைப் பிடிக்க ஏற்பாடு செய்தவர் இந்த ஷர்லி. அடுத்த ஆண்டு செப்டம்பரில் லபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப்பட்டணத்தைப் பிடித்தார்கள். 1748 அக்டோபரில் எக்ஸ்-லா-ஷபேல் உடன்படிக்கை. பிரான்சு தான் வென்ற நெதர்லாந்துப் பகுதிகளைக் காலி செய்யவும் சென்னையைத் திருப்பித் தரவும், பிரிட்டன் கொடுத்த விலை லூயிஸ்பர்க். பாஸ்டனில் கொதித்தார்கள். சென்னையில் 1749இல் ஆங்கிலக் கொடி மறுபடி ஏறியது. கேப் பிரெட்டன் தீவா என்று கேட்டு ஓடியதாகக் கதை கட்டப்பட்டவர்தான் அந்தப் பேரம் முடிந்தபோது அரசுச் செயலர்.

1754 மார்ச்சில் தம்பி இறந்தார். நியூகாசில் கருவூலத் தலைவர் ஆனார், சறுக்கலும் தொடங்கியது. அவர் பிரபுக்கள் சபையில் இருப்பவர், காமன்ஸ் சபையை நடத்த அங்கே ஒரு தலைவர் வேண்டும். தகுதி உள்ளவர்கள் இருவர்: வில்லியம் பிட், ஹென்றி ஃபாக்ஸ். இரகசிய நிதி யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாமல் சபையை எப்படி நடத்துவேன் என்று ஃபாக்ஸ் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கணக்கைப் பகிர்ந்துகொள்வது டியூக்கால் முடியாத காரியம். சொன்னபடி கேட்கும் சர் தாமஸ் ராபின்சனை நியமித்தார். பிட்டும் ஃபாக்ஸும் தங்கள் அரசின் தலைவரையே சபையில் கேலிப்பொருளாக்கினார்கள்.

அந்தச் சபையின் ஒரு சண்டையில் நாம் அறிந்த ஒருவரும் அடிபட்டார். ஆற்காட்டுப் புகழோடும் பணத்தோடும் ஊர் திரும்பிய ராபர்ட் கிளைவ், 1754 தேர்தலில் கார்ன்வாலின் மிட்சல் தொகுதியில் வென்றார். அவரை நிறுத்தியது நியூகாசிலின் எதிர்முகாம். தேர்தல் செல்லாது என்ற மனு சபைக்கு வந்து, 1755 மார்ச்சில் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் கிளைவ் இடம் பறிபோனது. அடுத்த மாதமே புனித டேவிட் கோட்டையின் துணை ஆளுநர் பதவியோடு கடலூருக்குக் கப்பலேறினார். இரண்டாண்டில் பிளாசி.

1756 நியூகாசிலுக்குப் பேரிடி. மினோர்கா தீவைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். மீட்கப் போன அட்மிரல் பிங், மே 20இல் நடந்த கடற்போரில் முடிவு எட்டாமலேயே திரும்பினார். கப்பல்களைத் தாமதமாக, குறைவாக அனுப்பிய அமைச்சரவையின் குற்றம் அதில் நிறைய இருந்தது. ஆனால் முறையிட வந்த லண்டன் பிரமுகர்களிடம் டியூக், அந்த ஆளை உடனே விசாரித்துத் தூக்கில் போடுவோம் என்று பதறியதாகச் சொல்லப்படுகிறது. விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு! 1757 மார்ச் 14இல் பிங், மோனார்க் என்ற கப்பலின் தளத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூகாசில் அதற்கு முன்பே, 1756 நவம்பரில், பதவி விலகியிருந்தார். அவருடைய நீண்ட வாழ்வில் மன்னிக்க இயலாத பக்கம் இது. பிறர் மீது பழி விழுந்தால் போதும் என்ற அச்சம் அவரை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்பதை இது காட்டுகிறது.

பிட் வந்தார், ஐந்து மாதம்கூட நிற்க முடியவில்லை. மக்கள் ஆதரவு இருந்தும் சபையில் ஆள்பலம் இல்லை. நியூகாசிலிடம் ஆள்பலம் உண்டு, மக்கள் நம்பிக்கை இல்லை. பல வாரப் பேரத்துக்குப் பின் 1757 ஜூன் இறுதியில் இருவரும் சேர்ந்தார்கள். பிரான்சுடன் நடந்த போர் பிட்டுக்கு, பணமும் பாராளுமன்றமும் நியூகாசிலுக்கு. பள்ளிப் பாடநூல்கள் 1759ஆம் ஆண்டின் கியூபெக், கிபரோன் வெற்றிகளைப் பிட்டின் பெயரில் எழுதுகின்றன. 1759இல் 66 லட்சம் பவுண்டு, 1760இல் 80 லட்சம், 1761இல் 1.2 கோடி என்று கடன் திரட்டியவர் யார் என்பது அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. லண்டன் வங்கியாளர்களோடு உட்கார்ந்து வட்டி விகிதத்தில் மாரடித்தவர் நியூகாசில். பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையிலிருந்து 1759இல் சென்னையைக் காத்ததும், 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் ஐர் கூட் வென்றதும், ஓராண்டில் புதுச்சேரி வீழ்ந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைப்பணத்தால் மட்டும் நடந்தவையல்ல. அரசப் படைப்பிரிவுகளும் அட்மிரல் போக்காக்கின் கப்பல்களும் அங்கே இருந்தன, அவற்றுக்கான பணம் இந்தக் கடனிலிருந்துதான் வந்தது. போர் முடிந்தபோது தேசியக் கடன் சுமார் 7.5 கோடியிலிருந்து 13 கோடி பவுண்டுக்கு மேல் ஏறியிருந்தது. அந்தச் சுமையை அமெரிக்கர்கள் மீதும் இறக்கப் போய்த்தான் 1765இன் முத்திரைத்தாள் வரி வந்தது, பின்னால் புரட்சியும் வந்தது.

1760இல் 22 வயது மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறினார். தாத்தாவின் அமைச்சர்களை அவருக்கு அடியோடு பிடிக்காது. அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தவர் ஆசிரியர் பியூட் பிரபு. 1761 அக்டோபரில் பிட் விலகினார். நியூகாசில் விலகவில்லை, விலக மனம் வரவில்லை. கருவூலத்தில் அவருக்குக் கீழ் இருந்த செயலர் சாமுவேல் மார்ட்டினே மறைவாக பியூட் தரப்புக்குக் கணக்குகளைக் கொடுத்துவந்தார். ஜெர்மனியில் நடந்த போருக்கு 20 லட்சம் வேண்டும் என்றார் டியூக், அமைச்சரவை 10 லட்சம் போதும் என்றது. 1762 மே மாதம் ராஜினாமா செய்தார். மன்னர் தர முன்வந்த ஓய்வூதியத்தை, அந்தக் கடன் நிலையிலும், வேண்டாம் என்றார்.

பிறகு நடந்ததுதான் அவர் வாழ்வின் உண்மையான தேர்வு, அவர் தோற்றார். அந்த டிசம்பர் 9இல் சமாதான உடன்படிக்கையின் முன்வரைவு காமன்ஸ் சபைக்கு வந்தபோது 319 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் 65 பேர். நாற்பது ஆண்டுகள் அவர் கையால் பதவி பெற்றவர்கள் புதுக் கையைத் தேடிப் போய்விட்டார்கள். அவர் உருவாக்கிய பிஷப்புகளில் பெரும்பாலோர் வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். படைத்தவனை மறப்பது பிஷப்புகளுக்கும் சகஜம்தான் என்று அவர் சொன்னதாக ஒரு நகைச்சுவை உண்டு. அடுத்து, பியூட் பக்கம் சேர்ந்திருந்த ஃபாக்ஸ் களையெடுப்பைத் தொடங்கினார். மூன்று மாவட்டங்களில் நியூகாசில் வகித்த மன்னரின் பிரதிநிதி பதவிகள் பறிக்கப்பட்டன. அதோடு விடவில்லை, அவர் சிபாரிசில் சேர்ந்த சசெக்ஸ் சுங்கச் சேவகர்கள்வரை வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். டியூக் மிகவும் நொந்தது இந்த எளியவர்களுக்காக. அவர்களுக்கு ஏதாவது செய்யும்படி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்.

கொடுப்பவர் தாமே என்று எல்லாரும் நம்பும்படி அவர் உழைத்தார். கொடுத்ததோ மன்னரின் சொத்து. ஒரு கிழ மன்னர் தன் வேலைப்பளுவை இவரிடம் விட்டிருந்தவரை இந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் படவில்லை. இளைய மன்னர் பையைத் திரும்ப வாங்கிக்கொண்ட அன்று, மிஞ்சியவர்கள் சொற்பம்: ராக்கிங்ஹாம் போன்ற இளம் பிரபுக்கள், பழைய விக் கட்சிக் குடும்பங்கள் சில. அந்தச் சிறு கூட்டம் 1765இல் ஓராண்டு ஆட்சிக்கு வந்தபோது, முத்திரைத்தாள் வரியை நீக்கியே தீரவேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் 72 வயது நியூகாசிலும் ஒருவர். பதவி கொடுக்கும் பலம் போன பிறகும் விட்டுப்போகாமல் நின்ற அந்தக் கூட்டம்தான், எட்மண்ட் பர்க்கின் பேனா வழியாக, கொள்கையால் இணைந்த கட்சி என்ற எண்ணத்துக்கு ஆங்கில அரசியலில் முதல் வடிவம் கொடுத்தது. சிபாரிசுக் கணக்கிலேயே வாழ்ந்த மனிதரின் அரசியல் சொத்து இப்படிப் போய்ச் சேரும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

1768 நவம்பர் 17இல் அவர் காலமானார். பிள்ளைகள் இல்லை. சர்ரேயில் அவர் ஆசையாசையாக வளர்த்த கிளேர்மான்ட் மாளிகையை டியூக்கின் மனைவி விற்றுவிட்டார். வாங்கியவர் ராபர்ட் கிளைவ். பழைய வீடு ஈரம் தங்குகிற தாழ்வான இடத்தில் இருக்கிறது என்று அதை இடித்துத் தள்ளிவிட்டு, மேட்டில் புது மாளிகை கட்டத் தொடங்கினார்.